துறைமுகத்திலிருந்து மெட்டுக்கு

சாலை போடும் இயந்திரமும் சாலை வழியாகத்தான் வந்து சேர வேண்டும். கேட்பதற்கு எளிய செய்தியாகத் தோன்றும் இதில் ஒரு பெருஞ் சங்கடம் அடங்கியிருக்கிறது. நல்ல சாலை உள்ள இடத்துக்கு அந்த இயந்திரம் தடையின்றி வந்துவிடும். ஆனால் அங்கே அதற்கு அவ்வளவாக வேலை இராது. எங்கே அதற்கு வேலை மிகுதியோ, அங்கே அது போய்ச் சேர வழி இராது. இந்தச் சங்கடத்தை நான் புத்தகத்தில் படித்து அறிந்ததைவிட, போடிநாயக்கனூருக்கு மேலே ஒரு கொண்டை ஊசி வளைவில், நள்ளிரவில், கையில் விளக்குடன் நின்று அறிந்ததே அதிகம். அந்த இரவைப் பற்றிச் சொல்லுமுன் இடத்தையும் இயந்திரத்தையும் உங்களுக்கு அறிமுகம் செய்துவிடுகிறேன்.

போடிநாயக்கனூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர். ஏலக்காய் வியாபாரம் என்றதும் நினைவுக்கு வரும் ஊர்களுள் ஒன்று. ஆனால் ஏலக்காய் விளைவது ஊரில் அன்று. மேலே, கேரள எல்லைக்குள் அடங்கிய ஏலமலைச் சரிவுகளில். காய் மேலே, அதன் ஏலம் கீழே. (ஏலக்காய்க்கும் ஏலத்துக்கும் உள்ள பெயர்ப் பொருத்தம் தற்செயலானது, ஊர்க்காரர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பதுண்டு.) தோட்டம் மேலே இருக்கிறது, அதில் காய் பறிப்பவர்களும் களை எடுப்பவர்களும் பலர் கீழேதான் வாழ்கிறார்கள். விடிவதற்குள் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி அவர்கள் மலைக்குப் போவதும், மாலையில் அவ்வாறே இறங்கி வருவதும் அந்த வட்டாரத்தின் அன்றாடக் காட்சி. போடியிலிருந்து மலை முகட்டில் உள்ள போடிமெட்டுக்குச் சாலை வழியாக 26 கிலோமீட்டர். கொச்சியையும் மதுரையையும் இணைக்கும் 85ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் ஒரு துண்டு இது. முன்னாளில் இதற்கு 49 என்று எண். ஊர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மெட்டு ஏறத்தாழ 1,400 மீட்டர். முந்தல் என்னும் இடத்தில் சமதரை முடிந்துவிடும். அதற்கு மேல் 17 கொண்டை ஊசி வளைவுகள்.

இந்த மலைகளில் பாரம் ஏற்றுவது இன்று நேற்றுத் தோன்றிய தொல்லை அன்று. 1887 முதல் 1895 வரை பென்னிகுவிக் பெரியாற்று அணையைக் கட்டியபோது, அம்மையநாயக்கனூர் ரயில் நிலையத்திலிருந்து கம்பம் பள்ளத்தாக்கின் கோடி வரையில் சாமான்கள் மாட்டுவண்டிகளில் சென்றன. அதற்கு மேல் மலையேற்றுவதற்குக் கம்பிக் கயிற்றுப்பாதை அமைத்தார்கள். போடிக்கு மேலேயே இன்னொரு கயிற்றுப்பாதை இருந்தது. மூணாற்றுத் தேயிலையைக் கொண்டுவர 1902இல் ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று போடப்பட்டது. அதன் வண்டிகளை மாடுகள் இழுத்தன. 1908இல் அது சிறு ரயில்பாதையாக மாறியது. அது வந்து முடியும் இடத்துக்கு டாப் ஸ்டேஷன் என்று பெயர் வைத்தார்கள். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கயிற்றில் தொங்கி, 5 கிலோமீட்டர் கீழே கொட்டகுடியில் இறங்கி, வண்டியேறிப் போடிக்கு வந்து சேர்ந்தன. 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அந்த ரயிலை அழித்துவிட்டது. கயிற்றுப்பாதையில் ஒரு நன்மை உண்டு. பாரத்தைப் பெட்டி பெட்டியாகப் பகுத்துவிடலாம். பகுத்த பாரத்துக்கு மலை பெரிதன்று. பகுக்க முடியாத பாரம் வந்தால்தான் மலை தன் உருவத்தைக் காட்டும்.

நான் குறிப்பிடும் இயந்திரம் அத்தகைய பாரம். அதைப் பேவர் என்கிறார்கள். தாரும் ஜல்லியும் சேர்ந்த சூடான கலவையை முன்புறத் தொட்டியில் வாங்கி, அடிவயிற்று வழியாகப் பின்னுக்குக் கடத்தி, குறுக்கே சுழலும் திருகினால் இருபுறமும் பரப்பி, ‘ஸ்கிரீட்’ என்னும் கனத்த சமன்தட்டினால் தட்டி மட்டம் செய்து, தான் முன்னே நகர்ந்துகொண்டே போகும். இதில் ஒரு நுட்பம் உண்டு. அந்தச் சமன்தட்டு இயந்திரத்தின் உடலோடு இறுகப் பொருத்தப்பட்டதன்று. இரு நீண்ட கைகளால் இழுக்கப்பட்டு, கலவையின் மீதே மிதந்து வருவது. ஆகவே இயந்திரம் பழைய சாலையின் பள்ளத்தில் இறங்கி ஏறினாலும், அந்தக் குலுக்கல் முழுவதும் புதுப் பரப்புக்குச் செல்வதில்லை. 1930களில் அமெரிக்காவில் பார்பர்–கிரீன் என்ற நிறுவனத்தார் இந்த முறையை வெற்றிகரமாகச் செய்துகாட்டினார்கள். இன்றுள்ள பேவர்கள் பெரும்பாலும் அதன் வழிவந்தவையே.

எங்கள் பேவர் சங்கிலிப் பட்டை மேல் நகர்வது. நிறை ஏறத்தாழ 20 டன். அதில் சமன்தட்டு மட்டும் மூன்று டன்னுக்கு மேல். மேற்கூரையை மடித்தால் உயரம் 3 மீட்டர். நீளம் 6 மீட்டர். அகலம் 2.55 மீட்டர். இந்தக் கடைசி எண்ணைக் கவனியுங்கள். நம் நாட்டு மோட்டார் வாகன விதிகளின்படி சாலையில் ஓடும் ஊர்தியின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக்கூடாது. இயந்திரத்தைச் செய்தவர்கள் சட்டத்தை அறிந்தே அளவெடுத்திருக்கிறார்கள் போலும்! ஆனால் அதைச் சுமக்கும் டிரெய்லர் 3 மீட்டர் அகலம். ஆகவே தனி அனுமதி வேண்டும். முன்னும் பின்னும் காவல் வண்டிகள் வேண்டும். சிவப்புக் கொடியும், இரவில் எரிந்து அணையும் விளக்கும் வேண்டும்.

சாதாரண லாரியில் ஏற்றினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். லாரியின் தளம் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரம். அதன்மேல் 3 மீட்டர் இயந்திரம் நின்றால் மொத்தம் நாலரை மீட்டர். மின்சார ரயில் ஓடும் பாதைகளின் கடவுகளில், மேல்கம்பியில் உரசாமல் இருக்க 4.67 மீட்டரில் ஒரு தடுப்புக் கட்டியிருப்பார்கள். அதில் தலை தப்புவது ஒரு சாண் அளவில்தான். கிராமத்துத் தெருவில் தொய்ந்து தொங்கும் மின்கம்பிகளோ எந்த அளவுக்கும் கட்டுப்படுவதில்லை. எனவே தாழ்ந்த தளமுடைய டிரெய்லர் வந்தது. ஓட்டுநர்கள் ‘லோ-பெட்’ என்பார்கள். அதன் தளம் தரையிலிருந்து ஒரு மீட்டருக்கும் குறைவு. உயரத்தில் லாபம். ஆனால் உலகத்தில் எந்த லாபமும் சும்மா வருவதில்லை. தளத்தைத் தாழ்த்தியதற்கு விலையாக நீளம் கூடிவிட்டது. இழுக்கும் எஞ்சினும் டிரெய்லரும் சேர்ந்து 17 மீட்டர்.

இயந்திரம் கப்பலில் வந்து தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கியது. 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, இப்போது வ.உ.சிதம்பரனாரின் பெயரைத் தாங்கியிருக்கும் துறைமுகம் அது. மேட்டின் மறுபுறமாகக் கொச்சியிலிருந்து கொண்டுவரலாமே என்று ஒரு யோசனை எழுந்தது. வரைபடத்தில் அதுவும் ஏறக்குறைய அதே தொலைவுதான். ஆனால் கொச்சியிலிருந்து வந்தால் நேரியமங்கலத்தில், பெரியாற்றின் மேல் 1935இல் கட்டிய குறுகிய வளைவுப் பாலத்தில் தொடங்கி, அடிமாலி, மூணாறு என்று வழி நெடுக மலைதான். தூத்துக்குடியிலிருந்து வந்தாலோ எட்டயபுரம், அருப்புக்கோட்டை என்று கரிசல் காட்டின் ஊடே நான்கு வழிச் சாலை, மதுரையைச் சுற்றி உசிலம்பட்டி, பிறகு ஆண்டிபட்டிக் கணவாய், தேனி, போடி. முந்தல் வரை இருநூறு கிலோமீட்டருக்கு மேல் சமதரை. மலை கடைசித் துண்டு மட்டும். தொல்லையைக் கடைசியில் ஒரே இடத்தில் சந்திப்பதே நல்லது என்று நான்தான் வாதாடினேன். அப்போது அந்தச் சாலைப் பணியில் நான் ஒரு பொறியாளன்.

சமதரையில் இரண்டு இரவுகள் சென்றன. அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆண்டிபட்டிக் கணவாயில் ஒருமுறை டயர் மாற்றினோம், தேநீர் குடித்தோம்.

இனி, காகிதமும் பென்சிலும் பக்கத்தில் உள்ள மாணவர்கள் அவற்றை எடுத்துக்கொள்ளலாம். நீண்ட வண்டி வளைவில் திரும்பும்போது நிகழ்வதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. முன்சக்கரம் போகும் வட்டத்திலேயே பின்சக்கரமும் போகும் என்று நினைக்கிறோம். அப்படிப் போவதில்லை. பின்சக்கரம் திரும்பும் ஆற்றலற்றது. இழுத்த பக்கம் வருவது. ஆகவே அது வளைவைக் குறுக்கே வெட்டி, உட்பக்கமாக ஒரு சிறிய வட்டத்தில் வருகிறது. எவ்வளவு சிறிது? வளைவின் மையத்திலிருந்து பின்சக்கரத்துக்கு ஒரு கோடு போடுங்கள். பின்சக்கரத்திலிருந்து வண்டியின் நீளவாக்கில் முன்சக்கரத்துக்கு ஒரு கோடு. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்து. முன்சக்கரத்திலிருந்து மையத்துக்கு மூன்றாவது கோடு, அது கர்ணம். நீங்கள் பள்ளியில் படித்த பித்தகோரசின் செங்கோண முக்கோணம் மலைச் சாலையில் படுத்திருக்கிறது!

முன்சக்கரம் 15 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் போவதாகக் கொள்வோம். சக்கரங்களுக்கிடையே 9 மீட்டர் இருந்தால், பின்சக்கரத்தின் ஆரம் 12 மீட்டர். அதாவது 3 மீட்டர் உள்வாங்கும். அந்த இடைவெளி 12 மீட்டரானால்? ஒன்பதும் பன்னிரண்டும் இடம் மாறிக்கொள்ளும். பின்சக்கரத்தின் ஆரம் 9 மீட்டர். உள்வாங்கல் 6 மீட்டர்! நீளம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது. உள்வாங்கலோ இரு மடங்காயிற்று. எஞ்சினும் டிரெய்லரும் ஒரு மூட்டில் மடங்கும் எங்கள் வண்டியை இரண்டுக்கும் சேர்த்துக் கணக்கிட்டால், அது 12 மீட்டர் இடைவெளியுள்ள ஒரே வண்டிக்குச் சமம் என்று வந்தது. உள்வாங்கல் 6 மீட்டர், வண்டியின் அகலம் 3 மீட்டர். ஆக அத்தகைய வளைவில் 9 மீட்டர் அகலம் வேண்டும். மூன்று அச்சுகளுள்ள குட்டையான லாரிக்கோ இந்த உள்வாங்கல் ஒரு மீட்டர்தான்.

இந்திய சாலைப் பேரவையின் மலைச் சாலை நெறிகள் இதையெல்லாம் எண்ணிப் பார்த்தே எழுதப்பட்டவை. கொண்டை ஊசி வளைவின் உள் ஆரம் 14 மீட்டருக்குக் குறையக்கூடாது. தேசிய நெடுஞ்சாலையில் இருவழிப் பாதையானால் வளைவின் உச்சியில் அகலம் 11.5 மீட்டர், ஒருவழியானால் 9 மீட்டர் இருக்க வேண்டும் என்கின்றன. வளைவில் ஏற்றம் 40க்கு ஒன்றுக்கு மேல் போகலாகாது என்றும் சொல்கின்றன. இதன் காரணத்தையும் எண்களால் உணரலாம். 16க்கு ஒன்று ஏற்றத்தில் 40 டன் வண்டியை மேலே இழுக்க, உராய்வு நீங்கலாகவே, இரண்டரை டன் விசை வேண்டும். 40க்கு ஒன்று என்றால் ஒரே டன் போதும். திரும்பும் வேளையில் எஞ்சின் மூச்சுவாங்கி நின்றுவிடக் கூடாதல்லவா? ஆதலால் வளைவு ஏறக்குறைய ஒரு திண்ணையைப் போல இருக்க வேண்டும் என்பது கருத்து.

புத்தக அளவுப்படி கட்டிய வளைவானால் எங்கள் டிரெய்லர் தாராளமாகத் திரும்பிவிடும். உள் ஆரம் 14, அகலம் 9, ஆக வெளி ஆரம் 23. முன்சக்கரம் 22 மீட்டர் ஆரத்தில் போனால் உள்வாங்கல் 3.6 மீட்டர்தான், வண்டியின் அகலத்தையும் சேர்த்து 6.6 மீட்டர் போதும். இரண்டு மீட்டருக்கு மேல் மிச்சம். நான் முந்தலிலிருந்து அளக்கத் தொடங்கி, 17 வளைவுகளில் 12ஐ அளந்தேன். பிறகு மழை பிடித்துக்கொண்டது. பன்னிரண்டும் சரியாக இருந்தன, அல்லது போதுமான அளவுக்குச் சரியாக இருந்தன. மிச்சம் ஐந்தும் அப்படித்தான் இருக்கும் என்று புத்தகத்தை நம்பிக் கணக்கை முடித்துவிட்டேன். நெறிகள் எழுதப்படுமுன் வெட்டிய சாலை நெறிகளைப் படித்துவிட்டா வளைந்திருக்கும்? இதை நான் அன்று கேட்டுக்கொள்ளவில்லை.

நள்ளிரவுக்குச் சற்று முன் முந்தலை விட்டோம். மேலிருந்து வரும் வண்டிகளை மெட்டிலும், கீழிருந்து செல்பவற்றை முந்தலிலும் நிறுத்தி வைக்க ஏற்பாடு. விடியற்காலை 4 மணிக்குள் நாங்கள் மெட்டை அடைந்துவிட வேண்டும். அதன்பின் தோட்டத் தொழிலாளர்களின் ஜீப்புகள் ஏறத் தொடங்கும். சமன்தட்டைக் கழற்றித் தனி லாரியில் முன்னதாகவே அனுப்பியிருந்தோம். ஓட்டுநர் சங்ககிரிப் பக்கத்துக்காரர், முதியவர், பேச்சுக் குறைவு. கிளீனர் பையன் ஒவ்வொரு வளைவிலும் இறங்கி, டயருக்கு அணை கொடுக்கும் கட்டையுடன் பக்கத்தில் நடந்தே வந்தான். “வரலாம்ணே, வரலாம், வரலாம்” என்ற அவன் குரல் மலையில் மோதித் திரும்பி வந்துகொண்டிருந்தது.

அளந்த வளைவுகள் எல்லாம் கடந்தன. அளக்காதவற்றுள் முதலாவதில், சுமார் 2 மணிக்கு, அந்தக் குரல் மாறியது. “நில்லுங்கண்ணே!”

இறங்கிப் பார்த்தேன். எஞ்சினின் முன்முனை வெளிப்புறக் கைப்பிடிச் சுவரை ஒரு முழத்தில் நெருங்கியிருந்தது. பின்சக்கரங்கள் உட்புறமாக வெட்டி வந்து, மலைச்சரிவை ஒட்டிய வாய்க்காலின் விளிம்பில் இறங்கி நின்றன. டிரெய்லர் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. நாடாவைப் பிடித்து அளந்தேன், அப்போதுதான் அளந்தேன்! முன்சக்கரம் போகக்கூடிய ஆரம் 15 மீட்டர். சாலையின் அகலம் 8 மீட்டர். எங்களுக்கு வேண்டியது 9. ஒரு மீட்டர் குறைவு. அதுவும் இருட்டில், ஏறத்தாழப் பதினேழு டன் சுமையுடன்.

நானும் ஓட்டுநரும் என்ன செய்வதென்று பேசிக்கொண்டிருக்கையிலேயே மேலிருந்து ஒரு ஜீப் வந்து நின்றது. மெட்டில் அதை நிறுத்தவில்லை, நிறுத்தாததே சரி. உள்ளே ஒரு தோட்டத் தொழிலாளிப் பெண் வயிற்று வலியால் சுருண்டு கிடந்தாள். தேனியில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள். உடன் வந்த மூதாட்டி என்னைப் பார்த்து, “ஐயா, வழி விடுங்கய்யா” என்றாள். வழி விடுவதற்கு என்னிடம் வழி இல்லை. முன்னே போக முடியாது. பின்னே போனால் சுமையோடு வண்டி வாய்க்காலில் கவிழும். அந்த மூதாட்டியின் முகத்துக்கு நேரே நின்று, ஐந்து வளைவுகளை அளக்காமல் விட்டேன் என்று சொல்லவும் என்னால் முடியவில்லை.

அவளுடன் வந்த இளைஞர்கள் என் யோசனைக்குக் காத்திருக்கவில்லை. கொண்டை ஊசி வளைவில் மேற்சாலையும் கீழ்ச்சாலையும் ஒன்றின் தலைக்கு மேல் ஒன்றாக, மிக அருகே கிடக்கும். இடையே செங்குத்தான ஒரு சரிவு. நடந்து போகிறவர்கள் வளைவைச் சுற்றுவதில்லை. அந்தச் சரிவில் ஒரு குறுக்குத் தடம் போட்டிருப்பார்கள். நால்வர் ஒரு கம்பளியை விரித்து அதில் அவளைக் கிடத்தி, நான்கு முனைகளையும் பிடித்து, எங்கள் விளக்கு வெளிச்சத்தில் அந்தத் தடத்தில் இறங்கினார்கள். கீழ்ச்சாலையில் எங்கள் பின்காவல் ஜீப் நின்றது. அதில் ஏற்றினோம். ஜீப் ஓட்டுநர் வண்டியைத் திருப்பி விளக்குகள் மறையும் வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் பத்து நிமிடத்துக்குள் முடிந்தது. குடல்வால் வீக்கம் என்றும், காலையில் அறுவை முடிந்து நலமாக இருக்கிறாள் என்றும் மறுநாள் தகவல் வந்தது.

“நாமும் இறக்கிட வேண்டியதுதான் சார்” என்றார் ஓட்டுநர். அன்றிரவு அவர் சொன்னவற்றுள் அதுவே நீளமான வாக்கியம்.

இறக்கினோம். டிரெய்லரின் சாய்ந்த பக்கத்துக்குக் கட்டைகளும் ஜாக்கியும் கொடுத்து நிமிர்த்தி, பின்புறச் சாய்தளத்தை விரித்து, பேவரைத் தன் எஞ்சின் ஆற்றலாலேயே அங்குலம் அங்குலமாகக் கீழ்ச்சாலைக்கு இறக்கினோம். டிரெய்லரின் மேல் ஏறத்தாழப் பதினேழு டன் குறைந்தது. அடுத்து, வாய்க்காலைக் கல்லால் நிரப்பினோம். அதன் அகலம் ஏறத்தாழ ஒரு மீட்டர். எங்களுக்குக் குறைந்ததும் அதே ஒரு மீட்டர். சுமை ஏற்றிய வண்டி அந்தக் கல் மேல் போயிருந்தால் கல் சரிந்து வண்டியும் கவிழ்ந்திருக்கும். வெறும் வண்டியை அது தாங்கியது. டிரெய்லர் திரும்பிய பிறகு பேவர் புறப்பட்டது. சங்கிலிப் பட்டையுள்ள பொறிக்கு ஒரு தனித்திறமை உண்டு. ஒரு பட்டையை முன்னும் மற்றதைப் பின்னும் ஓட்டினால் நின்ற இடத்திலேயே திரும்பும். 17 மீட்டர் வண்டி தவித்த வளைவில் 6 மீட்டர் பொறி, கோயில் தேரைப் போல நிதானமாக, ஒரு சிரமமும் இன்றித் திரும்பிச் சென்றது. அந்தப் பொறி மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர் போகும். அப்படியே மெட்டு வரை நடத்திவிடலாமே என்றால், பட்டைகள் சூடேறித் தேய்ந்துவிடும். அந்தத் தேய்மானத்தின் விலை டிரெய்லர் வாடகையைவிட அதிகம். ஆதலால் வளைவு தாண்டியதும் மீண்டும் ஏற்றினோம். எஞ்சிய நான்கு வளைவுகளையும் நான் முன்னே நடந்து, விளக்கும் நாடாவுமாக அளந்தேன். இரண்டில் மறுபடியும் இறக்கி ஏற்ற வேண்டியிருந்தது.

மெட்டை அடைந்தபோது மணி ஆறரை. முந்தலில் ஜீப்புகள் வரிசையாக நின்றுவிட்டன. தோட்டத்தில் நேரம் தவறினால் அன்றையக் கூலியில் பாதி போகும். சில இடங்களில் முழுவதும் போகும். இருநூறு முந்நூறு பேருடைய காலைப்பொழுது என் கணக்குப் பிழையால் வீணாயிற்று. அவர்களுள் ஒருவரும் என்னை ஏசவில்லை என்று சொன்னால் அது பொய், நன்றாகவே ஏசினார்கள்.

இத்தகைய பயணங்கள் பிற இடங்களிலும் நடந்திருக்கின்றன. திருவனந்தபுரத்து விக்ரம் சாராபாய் விண்வெளி நிலையத்துக்கு 70 டன் நிறையுள்ள ஒரு பெருங்கலம் மகாராஷ்டிரத்திலிருந்து 2019 ஜூலையில் புறப்பட்டு, ஓராண்டு கழித்து 2020 ஜூலையில் வந்து சேர்ந்தது. வழியில் மரக்கிளைகளை வெட்டியும், மின்கம்பிகளை அகற்றியும் அதை நகர்த்தினார்கள். பெருந்தொற்று ஊரடங்கும் இடையே வந்து தடுத்தது. 2022இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து நஞ்சன்கூட்டுத் தொழிற்சாலை ஒன்றுக்குச் சென்ற இரு பெரிய டிரெய்லர்கள், கோழிக்கோடு மாவட்டத்தில் தாமரச்சேரி மலைப்பாதையின் அடிவாரத்தில் மாதக்கணக்காகக் காத்துக் கிடந்தன. ஒன்பது கொண்டை ஊசி வளைவுகளையும் அவை டிசம்பரில் ஒரே இரவில் ஏறிக் கடந்தன. அந்த இரவு வேறு வண்டிகள் அந்த வழியில் விடப்படவில்லை. காத்திருந்தது மாதங்கள், ஏறியது சில மணி நேரம். அந்த விகிதத்தை நான் இப்போது மதிக்கிறேன். மெட்டுக்கு அப்பால் மூணாறு வரை உள்ள 42 கிலோமீட்டர்ச் சாலையை அகலப்படுத்தும் பணியும் எளிதாக முடிந்துவிடவில்லை. 2019லும் 2020லும் கேப் ரோடு பகுதியில் மலை சரிந்து விழுந்தது. அது 2024 ஜனவரியில்தான் திறந்துவைக்கப்பட்டது.

மறுநாளிரவு டிரெய்லர் வெறுமையாக இறங்கிப் போனதும், வாய்க்கால்களில் நிரப்பிய கற்களை எல்லாம் எடுத்துவிட்டோம். இது மறக்கக்கூடாத வேலை. மலைச் சாலைக்கு வாய்க்கால் அடைபடுவதைப் போன்ற பகை வேறில்லை. நீர் சாலையின் மேல் ஓடி, மறுபுறச் சுவரின் அடியை அரித்து, ஒரே மழையில் வளைவையே கொண்டுபோய்விடும்.

பிறகு பேவர் தன் வேலையைத் தொடங்கியது. கலவை ஆலை சமவெளியில் இருந்தது. கலவை அங்கே 150 முதல் 165 பாகை சென்டிகிரேடு சூட்டில் புறப்படும். 140க்குக் குறையாமல் பரப்ப வேண்டும். 90க்குக் கீழே ஆறுவதற்குள் உருளை ஓட்டி முடிக்க வேண்டும். மெட்டின் பனியில் அது கீழே ஆறுவதைவிட விரைவில் ஆறும். லாரிகளுக்குத் தார்ப்பாய் இரண்டாக மூடினோம். பனி கலைந்த பிறகே கலவையைப் புறப்படச் சொன்னோம். எந்த வளைவிலும் எந்த வண்டியும் நிற்காமல் வந்தால்தான் அந்தச் சூடு மெட்டு வரை நிலைக்கும். அதற்கு எவ்வளவு கவலைப்பட்டேன் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

வேலை முடிந்து பேவர் இறங்கியது குட்டையான லாரியில். சமன்தட்டு முன்போல் தனி வண்டியில். கூரையை மடித்தும் உயரம் மிகுதிதான். ஆனால் முந்தல் வரை கம்பிகளை முன்கூட்டியே பார்த்து வைத்திருந்தோம். இறக்கத்தின் அபாயம் வேறு வகைப்பட்டது. ஏறும்போது எஞ்சின் செய்த உழைப்பு முழுவதும் இறங்கும்போது சூடாகத் திரும்பி வரும். 40 டன் வண்டி ஆயிரம் மீட்டர் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல், ஏறத்தாழ ஆயிரம் லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அவ்வளவு சூட்டையும் பிரேக்கில் வாங்கினால் பிரேக் எரிந்து பிடிப்பு விட்டுவிடும். ஆகவே எந்த கியரில் ஏறினோமோ அதற்கும் தாழ்ந்த கியரில், எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்த, நடை வேகத்தில் இறங்கினோம். இம்முறை 17 வளைவுகளையும் பகலில் அளந்து, ஒவ்வொன்றின் எண்ணையும் ஒரு தாளில் எழுதி ஓட்டுநரிடம் கொடுத்திருந்தேன். அவர் அதை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு இருக்கைக்கு அடியிலிருந்து புதிதாக வாங்கிய 30 மீட்டர் நாடா ஒன்றை எடுத்துக் காட்டினார்.